புராட்டஸ்டன்ட் மதம் சேலத்துக்கு விட்டுப்போனது என்ன? (பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி தவிர)

கருப்பூர்க்காரன்:

இந்தத் தலைப்பை யார் எடுத்தாலும் பேச்சு இரண்டு தடத்தில்தான் ஓடுகிறது. ஒன்று நன்றிப் பட்டியல்: பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், வேலூர் சிஎம்சி இல்லாவிட்டால் நம் கதி என்ன. இன்னொன்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். 1904-05-இல் அவர் எழுதியதைப் பாதி படித்துவிட்டு, ஜெனீவாவில் இருந்த புராட்டஸ்டன்ட் குரு கால்வின் சொல்லித்தான் ஐரோப்பாக்காரன் உழைத்தான், அதனால்தான் முதலாளித்துவம் வந்தது என்று முடித்துவிடுவார்கள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இது. ஒரு மதம் ஓர் ஊரில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதில் சேர்ந்தவர்களை எண்ணினால் போதாது. அதை எதிர்த்தவர்கள் அதனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கவேண்டும்.

நம் மலையிலேயே அதற்கு ஆள் இருக்கிறார். பீட்டர் பெர்சிவல், 1882-இல் ஏற்காட்டில் காலமானவர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாதிரியாராக இருந்து பள்ளிக்கூடம் நடத்தியவர். அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவலின் பைபிள் தமிழாக்கத்தில் கூடவே உட்கார்ந்து வேலை பார்த்த இளைஞர்தான் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பின்னால் சென்னைக்கு வந்து 1855-இல் 'தினவர்த்தமானி' பத்திரிகை தொடங்கினார், மாநிலக் கல்லூரியில் பாடம் சொன்னார், ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டார். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரி கண்டெடுத்த புரூஸ் ஃபூட் இவருடைய மருமகன். ஏற்காடு ஹோலி டிரினிட்டி கோயிலுக்குப் போனால் ஃபூட்டின் நினைவுச் சின்னத்தைப் பார்க்கலாம். மாமனாரைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

சரி, நாவலருக்கு வருவோம். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. மிஷனரிகளை அவரைப் போல் தமிழில் யாரும் அடித்ததும் இல்லை. ஆனால் எதைக் கொண்டு அடித்தார்? 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார்: பாட்டுக்கு உரை சொல்வதாக இல்லாமல், வந்த எல்லோருக்கும் புரியும் வசனத்தில், எப்படி நடக்கவேண்டும் என்பதைப் பற்றி. மறு வருஷம் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அப்புறம் சொந்த அச்சுக்கூடம். படிப்படியாக ஏறும் பாலபாடம். சமயத்தைக் கேள்வியும் பதிலுமாகக் கற்றுக்கொடுக்கும் சைவ வினாவிடை. புராட்டஸ்டன்ட் மதத்தைக் கிளப்பிவிட்ட ஜெர்மன் பாதிரியார் லுத்தர், 1529-இல் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கேள்வி-பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசமும் இதே அச்சில் வார்த்ததுதான்.

அந்தப் பிரசங்கம் கோயில் மண்டபத்தோடு நிற்கவில்லை. சுதேசி காலத்தில் கடற்கரைக்கு வந்தது, அங்கிருந்து கட்சி மேடைக்கு ஏறியது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் சேலத்தில்தான். தெருமுனைக் கூட்டம், துண்டுப்பிரசுரம், மலிவு விலைச் சிறுநூல். கடவுள் இல்லை என்ற இயக்கம் வளர்ந்தது இந்த மூன்றால். மூன்றையும் தமிழ்நாட்டுத் தெருவுக்கு முதலில் கொண்டுவந்தது யார்?

கொலுசுக்கடை:

வெபரை ஓரம் கட்டியதற்கு முதலில் நன்றி அண்ணே. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வந்து பாருங்கள். கண்ணி கோக்கிறவர், பற்ற வைக்கிறவர், மெருகு போடுகிறவர் என்று ஒரே அறையில் காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழமாட்டார்கள். தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீசமாட்டோம், சேர்த்துவைத்து அதிலிருந்து வெள்ளி எடுப்போம். இதைச் சொல்லிக்கொடுக்க ஜெனீவாவிலிருந்து யாரும் வரவில்லை.

அஸ்தம்பட்டி டீச்சர்:

வெபரை ஓரம் கட்டுங்கள், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கிறது, அதையும் சேர்த்து எறிந்துவிடாதீர்கள். 2009-இல் பெக்கர், வோஸ்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் வசதியாகத்தான் இருந்தன. ஆனால் எழுத்தறிவைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பணத்துக்குக் காரணம் உழைப்பைப் பற்றிய உபதேசம் இல்லை, வாசிப்பு. வேதத்தை அவரவரே படிக்கவேண்டும் என்றால் எல்லோருக்கும் படிக்கத் தெரியவேண்டுமே. 1524-லேயே லுத்தர் ஜெர்மன் நகரசபைகளுக்குப் பள்ளிக்கூடம் வையுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் வையுங்கள் என்று எழுதினார்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது சுவீடன். 1686 சபைச் சட்டப்படி எல்லோரும் வாசிக்கப் பழகவேண்டும். பாதிரியார் வீடு வீடாக வந்து குடும்பத்தை உட்காரவைத்துச் சோதிப்பார், யார் எப்படி வாசிக்கிறார் என்று பேரேட்டில் குறித்துக்கொள்வார். விளைவு என்ன தெரியுமா? வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. ஒரு நாடே அப்படி இருந்தது. எழுதுவதற்கு வேதத்தில் கட்டளை இல்லையல்லவா! எங்கள் பள்ளியில் இதன் தலைகீழ் நடக்கிறது. பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதிவிடுவார்கள். எழுதியதை வாசி என்றால் முழிப்பார்கள்.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு மறு வருஷமே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் இதே அவசரத்தில்தான்.

மேட்டூர் ரோடு:

பள்ளிக்கூடம் தவிர என்று போட்டுவிட்டு டீச்சர் மறுபடி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார் :) வந்ததுதான் வந்தோம், ஏற்காடு மான்ட்ஃபோர்ட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அஸ்தம்பட்டி டீச்சர்:

மான்ட்ஃபோர்ட் கத்தோலிக்கப் பள்ளி, தம்பி. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும் அப்படித்தான். தமிழில் முதல் அச்சுப் புத்தகமான தம்பிரான் வணக்கமும் 1578-இல் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையார் போட்டது, தரங்கம்பாடிக்கு நூற்றிருபத்தெட்டு வருஷம் முன்னால். வெள்ளைக்காரப் பாதிரியார் என்றாலே ஒரே கூடையில் போட்டுவிடக்கூடாது. ஆனால் 1578-இல் தொடங்கியது நடுவில் நின்றுபோயிற்று. தரங்கம்பாடிக்குப் பிறகு தமிழ் அச்சு நிற்கவேயில்லை. என் வாதத்துக்கு அது போதும்.

மேட்டூர் ரோடு:

சரி, கிறிஸ்தவப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாவது கொண்டை:

மலையிலிருந்து ஒரு குரல். இங்கே சபைகள் வந்தது காப்பித் தோட்டத்துக்குப் பின்னால். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி வைத்தார், துரைமார் வந்தார்கள், அவர்களுக்குக் கோயில் வந்தது. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அன்றும் இன்றும் சேர்வராயன்தான். ஆகவே மலையே மாறிப்போனதாக யாரும் எழுதவேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. பிரசங்கம், அச்சு எல்லாம் சரி, கமிட்டியை விட்டுவிட்டீர்களே! சேலத்துக்கு 1827-இல் வந்தது லண்டன் மிஷன். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் மரபு. பிஷப் கிடையாது, சபையாரே கூடி முடிவெடுக்கவேண்டும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்தபோது பிஷப்மாரும் வந்தார்கள், கமிட்டிப் பழக்கமும் போகவில்லை.

நான் போகும் சபையில் (பெயர் வேண்டாம்) தேர்தல் வந்தால் ஊராட்சித் தேர்தல் தோற்றது. சந்தா பாக்கி என்று வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் அடிப்பார்கள். இரண்டு அணி, இரண்டு கலர் நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஆள் பிடிப்பு. தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். வெட்கக்கேடுதான். ஆனால் அதே சபையின் வருஷாந்தரக் கூட்டத்தில் நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்து ரிட்டயர் ஆன ஒரு பாட்டி எழுந்து நின்றார். பொருளாளர் ஓர் எஸ்டேட் மேனேஜர், பாட்டி வேலை பார்த்த அதே எஸ்டேட். "வெள்ளையடிச்ச கூலி போன கூட்டத்துல ஒரு தொகை படிச்சீங்க, இப்ப வேற படிக்கிறீங்க, எது சரி?" என்றார். மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பாட்டி சொன்னதுதான் அதில் இருந்தது. திங்கட்கிழமை அவர் முன்னால் இந்தக் கேள்வியை எஸ்டேட் ஆபீசில் கேட்டிருக்க முடியுமா?

மேட்டூர் ரோடு:

ஓட்டுப் போடுவதை வெள்ளைக்காரன் சொல்லித்தரவேண்டுமா? உத்திரமேரூர் குடவோலை எங்கே போயிற்று?

இருபதாவது கொண்டை:

குடவோலை எங்கும் போகவில்லை, கல்வெட்டில் பத்திரமாக இருக்கிறது. அது குலுக்கிப் போட்டுச் சீட்டு எடுப்பது. பெயர் எழுதி உள்ளே போடவே சொந்த நிலமும் வேத அறிவும் வேண்டும். எங்கள் பாட்டிக்கு இரண்டும் இல்லை.

அம்மாபேட்டைத் தோழர்:

பாட்டி கதை நன்றாக இருக்கிறது. அதே பாட்டி எந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். லுத்தரன்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் சாதிவாரியாக உட்காரவைத்துத்தான் ஆராதனை நடத்தினார்கள். 1833-இல் ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது கலகம் செய்ததும் சபையார்தான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டில் பெரிய ஆள், இந்த விஷயத்தில் அவர் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியவர். அவரவர் வேதம் படித்தார்கள், டீச்சர். படித்தும் பெஞ்ச் மாறவில்லை.

அடுத்தது, கழகத்தின் மேடையைப் பெர்சிவல் கணக்கில் எழுதுவதை ஏற்கமுடியாது. பெரியார் பேச்சில் பிரசங்கத்தின் வாடையே கிடையாது. ஈரோட்டு மண்டிக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் இருக்கும். நான் சொல்வதை நம்பாதே, நீயே யோசி என்று முடிப்பார்.

கருப்பூர்க்காரன்:

நீயே யோசி என்பதைத்தான் தோழர் நானும் சொல்கிறேன். குருவை நம்பாதே, நடுவில் தரகன் வேண்டாம், நீயே படித்துப் பார். 1517-இல் ஜெர்மனியில் கிளம்பிய சண்டையின் சாரமே அதுதான். லுத்தர் ஒரு புத்தகத்தை மட்டும் விட்டுவைத்தார், பெரியார் அதையும் விடவில்லை. சாதி விஷயத்தில் நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. வில்சன் தோற்ற இடத்தில்தான் உங்கள் இயக்கம் வேலையைத் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

இதைவிடச் சேலத்துக்கே உரிய கேஸ் ஒன்று இருக்கிறது: மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1, இந்தியாவிலேயே முதலில் நம் சேலம் மாவட்டம். அன்றைய சேலம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்த்து. அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வட ஆற்காடு. அதைக் கொண்டுவந்த அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி இதே ஊரில் வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். கேள்வி இதுதான்: சட்டம் போட்டுக் குடியை ஒரேயடியாக நிறுத்துவது என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

மேட்டூர் ரோடு:

கள்ளுண்ணாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். இதற்கும் பாதிரியாரைத் தேடவேண்டுமா?

அஸ்தம்பட்டி டீச்சர்:

வள்ளுவர் குடிக்காதே என்று சொன்னார், கடையை மூடச் சட்டம் போடு என்று சொல்லவில்லையே. எல்லா மதமும் குடியைத் திட்டியிருக்கிறது. உறுதிமொழியில் கையெழுத்து, சங்கம், சந்தா, ஊர் ஊராகக் கூட்டம், கடைசியில் சட்டம் என்ற வழி மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க, ஆங்கில சபைகளிலிருந்து வந்தது, முக்கியமாக மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுகளிலிருந்து. அமெரிக்காவில் 1920-இல் அமலுக்கு வந்து 1933-இல் ரத்தான மதுவிலக்கு அவர்கள் கைவேலை. இங்கிலாந்தில் கெய்ன் என்ற பாப்டிஸ்ட் எம்.பி., 1888-இல் இந்தியாவுக்கென்றே ஒரு மதுவிலக்குச் சங்கம் அமைத்தார், காங்கிரஸ்காரர்களோடு நெருக்கமாக வேலை செய்தார்.

இத்தனைக்கும் லுத்தர் பீர் பிரியர். அவர் மனைவி கத்தரினா வீட்டிலேயே பீர் காய்ச்சியவர். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புராட்டஸ்டன்ட் என்பது ஒரே ஆள் இல்லை.

அம்மாபேட்டைத் தோழர்:

1921-இல் காந்தி சொன்னார் என்று பெரியார் நம் தாதம்பட்டியில் இருந்த தன் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தார். அதற்குக் கையெழுத்தும் இல்லை, சந்தாவும் இல்லை. கோடரி மட்டும்தான்.

கொலுசுக்கடை:

சட்டத்தின் வால் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கள்ளுக்கடை வருமானம் போனதும் ராஜாஜி சர்க்காருக்குக் கையைக் கடித்தது. 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார், இந்தியாவில் அதுவும் முதல். மதுக்கடையும் திரும்பி வந்தது, வரியும் பெயர் மாறியதே தவிரப் போகவில்லை. மெதடிஸ்ட்காரர் எடுத்த சபதத்துக்கு நான் இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெயர் வேண்டாம்:

பல வருஷமாக இந்தக் களத்தைப் படிக்கிறேன், இதற்காகத்தான் கணக்குத் தொடங்கினேன். சட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். குடியை விட்டவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைக்கிறவர்கள் அடையாளத்தை வெளியே விடாமல் கூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகிறவன். சேலத்தில் எந்த இடம் என்று சொல்லமாட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு பள்ளிக்கூட அறை, வாடகை நாங்களே போட்டுக் கொடுக்கிறோம். வெளியாரிடம் நன்கொடை வாங்கக்கூடாது, அது விதி. பிளாஸ்டிக் நாற்காலி வட்டமாக. ஒருவர் நெற்றியில் பட்டை, பக்கத்தில் தொப்பி, அதற்கடுத்து கழுத்தில் சிலுவை. சுவரில் படம் எதுவும் கிடையாது. தலைவர் கிடையாது, அன்றைக்குக் கூட்டத்தை நடத்துகிறவர் மட்டும் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குவார். மனைவி தாலியை அடகு வைத்தது, மகன் கல்யாணத்தில் விழுந்து கிடந்தது, எல்லாம் சொல்வார். யாரும் குறுக்கே பேசக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது. முடிந்ததும் நன்றி என்போம். அப்புறம் டீ.

இது 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இரண்டு பேரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழுவை ஆரம்பித்த ஃபிராங்க் புக்மன் ஒரு லுத்தரன் பாதிரியார். செய்த தப்பை இன்னொருவர் முன்னால் ஒத்துக்கொள்வது, கெடுதல் செய்தவர்களிடம் போய் ஈடு கட்டுவது, தானே இன்னொருவனைத் தூக்கிவிடுவது, எல்லாம் அங்கிருந்து எடுத்தது. அதற்கும் முன்னால், 1742-இல் மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பன்னிரண்டு பேர் போலச் சேர்த்து வகுப்புக் கூட்டம் என்று நடத்தினார்: வாரம் ஒரு தரம் கூடுவது, ஆளுக்கு ஒரு பென்னி, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பது. கூட்டத்தில் நாங்கள் சேர்ந்து சொல்லும் பிரார்த்தனை ரைன்ஹோல்டு நீபர் என்ற அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் இறையியலாளர் எழுதியது என்கிறார்கள். நான் அதைச் சொல்லும்போது சித்தேஸ்வரரை நினைத்துக்கொள்கிறேன். உனக்குப் புரிந்த கடவுள் என்றுதான் குடியை விட எங்களுக்கு வகுத்த படிகளில் இருக்கிறது, அதனால் தடையில்லை.

கருப்பூர்க்காரர் அண்ணன் எதிர்த்தவர்களைப் பார்க்கச் சொன்னார். நான் எதிர்த்தவனும் இல்லை, சேர்ந்தவனும் இல்லை.

இருபதாவது கொண்டை:

வகுப்புக் கூட்டம் பற்றிப் படித்ததும் மகளிர் சுயஉதவிக் குழுதான் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு பேர், வாரச் சேமிப்பு, நடவடிக்கைப் புத்தகம். தமிழ்நாட்டில் அது 1989-இல் பழைய சேலத்துத் தர்மபுரியில்தான் ஆரம்பம்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

நம் பெண்கள் வெஸ்லிக்காகக் காத்திருந்தா சீட்டுப் பிடித்தார்கள்? உருவம் ஒன்றாக இருந்தால் வம்சம் ஒன்று என்று ஆகிவிடாது. பெயர் வேண்டாம் எழுதியதில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழி தெரிகிறது. இதில் தெரியவில்லை.

அம்மாபேட்டைத் தோழர்:

பெயர் வேண்டாம், நீங்கள் மீண்டு வந்ததற்கு வாழ்த்து, மனதாரச் சொல்கிறேன். ஆனால் கருப்பூர்க்காரரின் கேள்விக்கு நீங்கள்தான் சரியான பதில் கொடுத்திருக்கிறீர்கள், அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை. குடியைத் தனி ஆளின் ஆத்தும விஷயமாக்கி, வட்டமாக உட்காரவைத்து, தப்பு என்னுடையது என்று சொல்லவைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் புராட்டஸ்டன்ட் தாக்கத்திலேயே ஆழமானது. 2003-இலிருந்து சில்லறை மதுக்கடை முழுக்க அரசுடையது. விற்கிறவன் எந்த வட்டத்திலும் உட்காருவதில்லை. எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவன் கூலி வாங்கி வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. அவன் மனந்திரும்பவேண்டுமாம், கடை அங்கேயே இருக்குமாம். 1937-இல் ராஜாஜி செய்தது எனக்குப் பிடிக்காத ஆள் செய்தது, ஆனாலும் அதில் கடை மூடியது.

கருப்பூர்க்காரன்:

தோழர், நீங்கள் சொல்லும் இரண்டுமே ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கடையை மூடு என்ற சபதக்காரரும், உன்னைப் பார் என்ற சாட்சிக்காரரும் அந்த மெதடிஸ்ட் கூட்டங்களில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவரைச் சட்டம் எடுத்துக்கொண்டது, இரண்டாமவரை டாக்டர்களும் கவுன்சிலர்களும் எடுத்துக்கொண்டார்கள். 

பெயர் வேண்டாம்:

தோழர், எந்தத் தெருக் கடை என்று சொல்லுங்கள், மூடச் சொல்லி உட்கார நானும் வருகிறேன், எங்கள் வட்டத்திலிருந்து இன்னும் சிலரையும் கூட்டிவருகிறேன். இயக்கமாக வரமாட்டோம், வெளி விவகாரத்தில் கருத்துச் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் விதி, ஆள் ஆளாக வருவோம். ஆனால் மூடும்வரை சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில் வந்ததும் நான் எங்கே போய் உட்காருவது?